மண்ணெண்ணெய் மணத்த கிணறு

போர் முடிந்த அடுத்த மாரியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மண்ணெண்ணெய் மணக்கத் தொடங்கியது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய ஊர் எங்களுடையது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். அப்பா தன் கோப்பையைத் தொடவே இல்லை. பக்கத்து இரண்டு வீட்டு வளவுக் கிணறுகளும் அப்படித்தான் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. பிறகென்ன, சந்தியில் இருக்கிற பெற்றோல் செட்டின் நிலத்தடி டேங்க் ஒழுகுகிறது என்று எங்கள் தெரு ஒழுங்கை முழுக்க ஒரே பேச்சு.

அப்போது நான் சுற்றாடல் அலுவலகத்தில் கள உத்தியோகத்தர். நிலத்துக்குக் கீழே எண்ணெய் டேங்க் வைத்திருக்கும் செட்டுகளுக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற வேலை என் மேசையில்தான் இருந்தது. டேங்க் ஒழுகவில்லை என்று சோதித்துக் காட்டாவிட்டால் செட்டை மூட வேண்டும். ஒழுங்கைக்காரர் பெட்டிசம் எழுதிக் கையெழுத்து வைத்து, அலுவலகத்துக்கு அலையாமல் என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தந்தார்கள். என் வீட்டுக் கிணறும் அதில் இருந்ததால் அந்த வேலையை நான் வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. என் ஊரை என்னை விட்டால் யார் சரியாகப் பார்ப்பார்கள் என்ற தடிப்பு எனக்கு.

செட்காரரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விளக்குக்கு எண்ணெய் வாங்கப் போத்தலோடு போவேன். ஊற்றி முடித்ததும் போத்தல் வாயைத் தோள் துண்டால் துடைத்து, "விழுத்திப்போடாத புள்ள" என்று தருவார். எனக்கு அந்த மணம் பிடிக்கும். போத்தலை மூக்கருகே பிடித்துக்கொண்டே வீடுவரை நடப்பேன். அம்மா என் கையை மணந்து பார்த்துவிட்டு ஏசுவாள், பிறகு அவளே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவாள். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் எனக்கு முதலில் அம்மாவின் ஈரக் கைதான் நினைவுக்கு வருகிறது.

அம்மா சுனாமியில், கடல் ஊருக்குள் வந்த காலையில் போனாள். கடற்கரையில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவளைத் தண்ணீர் அடித்து வாவிக்குள் கொண்டுபோய்விட்டது. அப்பாவிடம் மிசின் பூட்டிய தோணி இருந்தது. மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு செட்டுக்கு ஓடினார். அங்கே பாதி காலியாக இருந்த மண்ணெண்ணெய் டேங்க் நிலத்தைப் பிளந்துகொண்டு, வெறுங்குடம் மாதிரி மேலே வந்து மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற செட்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாராம். அப்பா துடுப்பு வலித்தே போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் கண்டல் பற்றையில் சிக்கியிருந்த அம்மாவை வேறு தோணிக்காரர்கள் கரையேற்றிவிட்டார்கள். உயிர் இல்லை, உடம்பில் அப்போதும் சூடு இருந்தது என்று அவர்களில் ஒருவர்தான் பின்னொரு நாள் எனக்குச் சொன்னார். அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

சோதனைக்காகச் செட்டை மூடி, டேங்குகளைக் காலியாக்கி, வாயை அடைத்துக் காற்று ஏற்றினோம். காற்றமுக்க மானியின் முள் இறங்கினால் ஓட்டை. செட்காரர் போட்ட கதிரையில் இருக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

"முள் நிக்குதா மிஸ்?"

புள்ள என்று கூப்பிட்டவர் என்னை மிஸ் என்றது நெஞ்சில் குத்தியது. முள் அசையவில்லை.

"என்னட்ட இப்ப இருக்கிறது பெற்றோலும் டீசலும் மட்டும்தான்" என்றார். "மண்ணெண்ணெய் டேங்கைக் கடல் தூக்கி எறிஞ்சபிறகு நான் திரும்பப் புதைக்கவே இல்ல. உங்கட கிணத்தில மணக்கிறது மண்ணெண்ணெய்தானே மிஸ்?"

போத்தலை மணந்து மணந்து வளர்ந்தவளுக்கு, படித்தவளுக்கு, இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். அன்று காலை அப்பா கோப்பையைத் தொடாமல் இருந்ததும் அப்போதுதான் நினைவில் தட்டியது.

வீட்டுக்குப் போய், "அண்டைக்கு ஏன் தேத்தண்ணி குடிக்கல்ல?" என்று அப்பாவைக் கேட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் போனார். முருங்கை மரத்தடியில் முழங்கால் ஆழம் வெட்டியதும் துருப்பிடித்து இற்றுப்போன ஒரு இரும்பு எண்ணெய்ப் பரல் தெரிந்தது.

"கடல் வந்ததுக்குப் பிறகு டவுனில போத்தல் போத்தலா வாங்கிச் சேர்த்த எண்ணெய்" என்றார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல்ல?"

"சண்டைக் காலத்தில எண்ணெயை மண்ணில தாட்டு வச்சவனை, ஆருக்குடா வச்சிருக்காய் எண்டு கேட்டுத்தான் ஆமிக்காரங்க புடிச்சிக்கொண்டு போனாங்க. இப்ப நீயும் கவுமெந்து உத்தியோகக்காரிதானே புள்ள."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு மனிதனின் பிழைப்பே போகப் பார்த்ததே என்று கத்தினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெற்ற மகளுக்கே அவர் பயந்திருக்கிறார் என்பது கத்தி முடித்த பிறகுதான் விளங்கியது. மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை அப்பா தானே சந்திக்குப் போய்ச் செட்காரரிடம் சொன்னார். ஏச்சு விழும் என்று நானும் பின்னால் போனேன். செட்காரர் கதிரையை அப்பா பக்கம் இழுத்துப் போட்டார்.

"அண்டைக்கு உங்களுக்கு ஒரு போத்தலாவது தர ஏலாமப் போச்சே" என்றார்.

செட்டுக்கு அனுமதி கொடுக்கலாம் என்று எழுதினேன். பிறகு எங்கள் பரலுக்கான படிவத்தை வீட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். இடம்: எங்கள் வளவு. அனுமதி: இல்லை. என்ன தேவைக்குச் சேமிக்கப்பட்டது என்ற கட்டத்தில் 'தோணி மிசினுக்கு' என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முதலே அப்பா அந்த மிசினைக் கொடுத்துவிட்டார். தோணியையும் அவர் பிறகு தொடவில்லை.

"மிசினே இல்லாம எண்ணெய் எதுக்கப்பா சேர்த்தீங்க?"

அப்பா படிவத்தைப் பார்த்தார், பிறகு வாவிப் பக்கம் பார்த்தார்.

"அண்டைக்கு இருந்திருக்க வேணும் புள்ள" என்றார்.