தபால்காரன் குவளை

சென்ற மாதம் ஃபோனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய ஆங்கில விண்வெளிப் படமொன்றின் எனாமல் குவளையை மறுபடி தயாரித்து விற்கிறார்களாம். அந்தக் காலத்துப் பொருள் மாதிரியே இருக்க வேண்டும் என்று விளிம்பில் இரண்டு இடத்தில் எனாமல் பெயர்ந்தாற்போலவும் செய்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் குவளையிலும் இரண்டு இடம் பெயர்ந்திருந்தது. ஒன்று கப்பலில் வரும்போதே பெயர்ந்தது, இன்னொன்று நான் படியில் உருட்டி விளையாடியதில். அதற்காக யாரும் கூடுதல் விலை பேசவில்லை, என் முதுகில்தான் இரண்டு வைத்தார்கள்.

அந்தப் படத்தின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையாது. தபால்காரன் படம் என்போம். ஒற்றைக் கண்ணுள்ள எந்திர மனிதன் ஒருவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிரகத்துக்குக் கிரகம் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பான். அவ்வளவுதான் கதை. ராக்கெட்டைத் தூக்கியிருக்கும் கயிறு திரையில் தெரியும். கிரகத்து மலை வெறும் அட்டை என்பது ஒன்பது வயதுக்காரியான எனக்கே தெரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் அத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அத்தை என்பது அப்பாவின் தங்கை. போர்ட் பிளேரில் எங்களோடுதான் இருந்தாள். தீவுக்குத் தீவு போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை. ஹட் பே கப்பல் ஏன் ரத்து, கார் நிக்கோபார் கப்பல் என்றைக்கு என்று ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூட்டம் நான்கைந்து மொழிகளில் அவளைத் திட்டும். எல்லோருக்கும் ஹிந்தியில் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தூத்துக்குடித் தமிழில் எங்களிடம் புலம்புவாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு தபால்காரனைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் நானும் உட்காருவேன். “எல்லாருக்கும் கொண்டுபோய்க் குடுக்கான், இவனுக்குன்னு ஒரு லெட்டர் வருதா பாத்தியாட்டி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். எனக்கு மனப்பாடம்.

எங்கள் தெருவில் யார் மெயின்லேண்டுக்குக் கப்பலேறினாலும் அவர் கையில் ஆளுக்கொரு பட்டியல் போகும். அம்மா நைட்டி, வடகம் என்று எழுதுவாள். அத்தை தபால்காரன் சாமான்களை எழுதுவாள். அவர்களும் பாவம், சென்னையின் பழைய சாமான் கடைகளில் அலைந்து எதையோ வாங்கி வருவார்கள். ஒருமுறை தபால்காரன் பொம்மை கேட்டதற்குப் போலீஸ்காரன் உண்டியல் வந்தது. அப்படியும் ஏழெட்டு வருடத்தில் சாவி கொடுத்தால் நடக்கும் தகரப் பொம்மை ஒன்று, படம் போட்ட பனியன் ஒன்று, கொஞ்சம் ஸ்டிக்கர், அந்த எனாமல் குவளை என்று ஓர் அலமாரித் தட்டு நிறைந்துவிட்டது.

அது போதாதென்று அத்தை தானே ஒரு தபால்காரனைச் செய்யவும் ஆரம்பித்தாள். அப்பாவுக்கு ஜங்லிகாட் பகுதியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை. அங்கே கழித்துப்போட்ட சாமான்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுக்கி வந்தோம். மண்ணெண்ணெய் டின் உடம்பானது, பெயிண்ட் வாளி தலையானது, எஞ்சினின் ரப்பர்க் குழாய்கள் கைகளாயின. கண்ணுக்குத்தான் அலைந்தோம். கடைசியில் படகின் வலப்பக்கம் மாட்டும் பச்சை விளக்கின் கண்ணாடியை வைத்தாள். அந்த விளக்கைக் காணோம் என்று அப்பா பட்டறைப் பையனை ஒரு வாரம் சந்தேகப்பட்டார். தபால்காரன் என்னைவிட ஒரு முழம் உயரம். அவனுடைய ஃபோட்டோவை அபர்டீன் பஜாரில் ஒரு நெட் கடைக்குப் போய் அந்தப் படத்தின் ரசிகர்கள் கூடும் பக்கத்தில் ஏற்றினாள். தீவுக்குக் கடலடியில் இன்டர்நெட் கேபிள் வராத காலம். ஒரு ஃபோட்டோ ஏறுவதற்குள் நான் இரண்டு சமோசா தின்று முடித்தேன். எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார். அத்தை அதை அச்செடுத்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் அவளுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. முதலில் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அலமாரியையும் தபால்காரனையும் பார்த்துவிட்டுச் சிரித்தது. “குழந்தைக்கு வாங்குனதுன்னுல்லா நெனச்சோம்” என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அத்தை அன்றைக்கு அழவில்லை. தபால்காரன் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாள் நான்தான் துணியை எடுத்தேன்.

அதனால் இரண்டாவது வரன் வந்தபோது அப்பா உஷாராகிவிட்டார். மாப்பிள்ளை தூத்துக்குடியில் எலக்ட்ரிக்கல் வேலை. அவரும் அவருடைய பெரியப்பாவும் மூன்று நாள் கப்பலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையிலேயே அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தக் கபாடி மால், ஓட்ட ஒடசல் ஒண்ணும் அவுக கண்ணுல படக் கூடாது. சொல்லிட்டேன்.”

“பாத்தா என்ன? நாளைக்கு நான் எடுத்துட்டுத்தானே போவேன்” என்றாள் அத்தை.

“முதல்ல கல்யாணம் ஆவட்டும். பெறகு என்ன வேணும்னாலும் எடுத்துட்டுப் போ.”

தபால்காரனைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாயால் மூடினார்கள். மற்றதெல்லாம் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எதையாச்சும் பாத்துட்டு யாரும் கேட்டா உன்னோடதுன்னு சொல்லிரு. அத்தை பேர எடுக்கக் கூடாது, அச்சா?” என்றார். நான் தலையாட்டினேன். வீட்டில் எனக்கென்று ஒரு பொறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக இருந்தார். மூன்று நாள் வாந்தி எடுத்த முகம். தரை இன்னும் ஆடுகிறது என்று சொல்லி நாற்காலியின் கையைப் பிடித்தே உட்கார்ந்திருந்தார். அத்தை பச்சைப் புடவை கட்டி, தலையைக் குனிந்து காபி கொடுத்தாள். பெரியப்பா சம்பளம், நிரந்தர வேலையா, மெயின்லேண்டுக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொன்னார். அத்தை வாயைத் திறக்கவே இல்லை. கவுண்டரில் அத்தனை பேரை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவள் இப்படி ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். போர்ட் பிளேரில் குழாயில் தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே எல்லோர் வீட்டிலும் பின்வாசலில் நீல டிரம் இருக்கும், விருந்தாளியானாலும் அங்கே போய்த்தான் கை கழுவ வேண்டும். மாப்பிள்ளைக்கு வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். ஒரு எட்டு முன்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். டிரம்மின் மூடிமேல் எப்போதும் இருக்கும் பிளாஸ்டிக் மக்கைக் காணோம். அந்த இடத்தில் தபால்காரன் குவளை உட்கார்ந்திருந்தது, படம் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தபடி.

காலையில் அத்தை பெட்டியைத் திறந்து எதையோ எடுத்ததைப் பார்த்திருந்தேன். அவசரத்தில் மறந்துபோய் இங்கே வைத்துவிட்டாள், அப்பா பார்த்தால் தொலைந்தாள் என்று நினைத்தேன். பாவாடையால் மறைக்கலாம் என்று முன்னால் போய் நிற்பதற்குள் மாப்பிள்ளை அதை எடுத்துவிட்டார்.

தண்ணீர் மொள்ளவில்லை. குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தபால்காரனின் பையைக் கட்டைவிரலால் தடவினார். வந்ததிலிருந்து செத்துப்போயிருந்த அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

“இது எப்படி இங்க வந்துச்சு? சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்கிட்ட இவன் ஸ்டிக்கர் இருந்துச்சு. கணக்கு நோட்டுல ஒட்டி வச்சு அடி வாங்கிருக்கேன்” என்றார். “இது யாருக்குள்ளது பாப்பா?”

இங்கேதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

“என்னோடது.”

“அப்படியா? படம் பாத்திருக்கியா?”

“நெறைய தடவ பாத்திருக்கேன். கயிறெல்லாம் தெரியும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “தெரியட்டுமே” என்றார். பிறகு சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல வேற யாரும் இந்தப் படம் பாப்பாவளா?”

அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. “இல்ல. நான் மட்டுந்தான். அத்தைக்கு இதெல்லாம் பிடிக்காது” என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் அப்பா சொல்லிக்கொடுக்காதது. நானாகச் சேர்த்தது.

“சரி” என்றார். குவளையில் தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

அன்று மாலை அத்தைக்கு இருந்த உற்சாகம் சொல்லி முடியாது. சமையலறை ஜன்னல் வழியாக அவர் குவளையைக் கையில் வைத்துச் சிரித்ததை அவள் பார்த்திருக்கிறாள். பேசியது காதில் விழவில்லை, சிரித்தது தெரிந்தது. அம்மாவிடம் வலியப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். யாரையும் கேட்காமல் பட்டறைக்குப் போய்த் தபால்காரனைத் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்பா முறைத்தார். “அவுக எல்லாம் பாத்தாச்சு. இனி மறைக்க ஒண்ணும் இல்ல” என்றாள். என்ன பார்த்தார்கள் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர்களுடைய கப்பல் கிளம்பியது. கலங்கரை விளக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஃபோனில் சிக்னல் போய்விடும், பிறகு மூன்று நாளைக்கு யாரும் யாரோடும் பேச முடியாது. சொல்லக் கூச்சமான செய்திகளைக் கப்பல் நகர ஆரம்பித்த பிறகு சொல்வது அப்போது எங்கள் தீவில் ஒரு வழக்கம். பெரியப்பாவும் அதைத் தெரிந்துகொண்டிருந்தார். அப்பா ஃபோனில் ‘அச்சா, அச்சா’ என்று மட்டும் சொன்னார். அடுத்த முனையில் பேச்சு பாதியில் அறுந்தது.

“பொண்ணு நல்ல பொண்ணுதானாம். ஆனா பையனுக்கு மனசு ஒட்டலையாம். ஒரு வார்த்த பேசலைங்கான். உங்க மகதான் நல்லாப் பேசுனாங்காவ” என்று அம்மாவிடம் சொன்ன அப்பா, ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “நல்ல வேளை, இந்த டின்னுக்காரன அவுக பாக்கல. பாத்திருந்தா இவனாலதான்னு நம்மளே நெனச்சிருப்போம்.”

குவளை ஒன்றால் ஒரு கல்யாணம் நடந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த மனிதருக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். நாங்கள் நால்வருமே அவரை அரை நாள்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

அப்பா பட்டறைக்குப் போன பிறகு அத்தை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். வேலைக்குப் போகத் தயாராகி, கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

“கை கழுவப் போனாவள்லா, அப்ப உங்கிட்ட என்ன கேட்டாவ?”

நான் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கேட்டதை அவர் குரலில், நான் சொன்னதை என் குரலில். நோட்டில் ஸ்டிக்கர் ஒட்டி அடி வாங்கியதைச் சொன்னபோது அத்தை என் தலையில் கைவைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அத்தைக்குப் பிடிக்காது என்று நான் சொன்ன இடம் வந்ததும் என் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

“நீ மறந்துபோய் அங்க வச்சிட்ட. நான்தான் உன்னக் காப்பாத்துனேன்” என்றேன்.

“ஆமா” என்றாள். கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, “நல்ல பிள்ள” என்றாள்.

அவள் மறந்து வைக்கவில்லை என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் ஆக வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிப் போனவர்களைப் பெண் வீட்டார் திரும்பக் கூப்பிடக் கூடாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அத்தை கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். யாருடைய எண்ணையோ தேடியெடுத்து, அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தீவு முழுக்கக் கப்பல் விவரம் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள் அவள். அவளிடம் போய், அவளுக்கு உதவி செய்கிற நினைப்பில், நான் சொன்னேன்:

“இப்ப போகாது அத்தை. கப்பல் லைட் ஹவுஸத் தாண்டிருக்கும்.”