உலகம் அழிய இருந்த புதன்கிழமை

போன வாரம் என் மகள் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெளிநாட்டில் பூமிக்கு அடியில் வட்டமாகச் சுரங்கம் தோண்டி, அணுவுக்குள் இருக்கிற துகள்களை மோதவிட்டுப் பார்க்கிறார்களே, அந்தப் பெரிய மெஷினைப் பற்றியது. மறுபடியும் அதை ஓட்டப் போகிறார்களாம், இந்த முறை உலகம் நிச்சயமாக அழிந்துவிடுமாம். கீழே ஏகப்பட்ட பேர் பயந்துபோய் எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதை முதல் தடவை ஓட்டிய நாளில் நீ என் வயிற்றில் இருந்தாய், போடி, நாம் இரண்டு பேரும் பிழைத்துத்தான் கிடக்கிறோம் என்றேன். அவள் கதை கேட்க உட்காரவில்லை, டியூஷனுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த நாளை விட்டு வெளியே வர முடியவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம். நிறைமாதம். நான் வாழ்க்கைப்பட்டதும் பிள்ளையார்பாளையம், பிறந்ததும் பிள்ளையார்பாளையம், அடுத்தடுத்த தெருதான். அம்மா வீட்டுக்கு மூன்று நிமிடம் நடந்தால் போதும். ஆனால் அந்த மூன்று நிமிடத்தை நானும் நடக்கவில்லை, அம்மாவும் நடக்கவில்லை, ஒன்றரை வருடமாக.

அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். ராட்டினத்தில் உட்கார்ந்து ஊராருக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தே அம்மா என்னை வளர்த்தாள். நான் என்ன செய்தேன்? பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனேன். அவர்களும் தறி நெய்கிறவர்கள்தான், ஆனாலும் வேறு சாதி. நான் வீட்டை விட்டுப் போன அன்று அம்மா நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நீ நல்லாவே இருக்க மாட்டே என்று அவள் சொன்னதைத் தெருவே கேட்டது. நானும் சும்மா இருந்தேனா, இனி உன் மூஞ்சியில் விழித்தால் நான் உன் மகள் இல்லை என்று திருப்பிக் கத்தினேன். வாய் எனக்கு அப்போதே நீளம்.

ஏழாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து வளையல் வர வேண்டும். வரவில்லை. என் மாமியார் தானே போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, நாலு பெண்களைக் கூப்பிட்டு எனக்குப் போட்டுவிட்டார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். அதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. நான் வீம்புக்குச் சிரித்துக்கொண்டு இருந்தேன். உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படிப் பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்ற பயம்தான் எனக்கு. உலகம் அழிகிற பயமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த வாரம் முழுக்க டிவியில் இதே பேச்சு. சிவப்பு எழுத்து, பயங்கரமான மேளம், பூமியை ஒரு கறுப்பு ஓட்டை விழுங்குகிற மாதிரிப் படம். புதன்கிழமை மத்தியானம் மெஷினைப் போடுகிறார்கள் என்றார்கள். தெருவில் பாதிப் பேருக்குப் பயம், மீதிப் பேருக்குத் திருவிழா. செத்தால் ஒன்றாகச் சாகலாம் என்று அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. எதிர்வீட்டு அக்கா, வேண்டுதல் பாக்கியோடு போய்ச் சேரக் கூடாது என்று செவ்வாய்க்கிழமையே மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என் மாமியார் கறி வாங்கிப் பிரியாணி போட்டார். அழிவதானால் சாப்பிட்டுவிட்டு அழியலாமே என்பது அவர் கட்சி. எனக்கோ கோபம் கோபமாக வந்தது. பத்து மாதம் சுமந்துவிட்டு, குழந்தை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இவர்கள் மெஷினைப் போடுவார்களாமா, ஒரு பத்து நாள் பொறுத்தால் என்ன கேடு என்று கண்டபடி திட்டினேன்.

என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே எனக்கு விஞ்ஞானம் சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா. நாம ஒரு பக்கத்துலேர்ந்து நாடா வுடுறோம், அவங்க ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வுட்டு நடுவுல மோத வுடுறாங்க. அவ்ளோதான்." நூலைச் சுமந்துகொண்டு தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை மோதினால் நூல் அறுந்துபோகுமே என்று கேட்டேன். அவர் திரும்பிக்கொண்டு நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை காலையிலிருந்து நான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். காற்றுக்கு என்று சொன்னேன். காற்றுக்கா உட்கார்ந்தேன்? உலகமே முடியப் போகிறது என்கிறார்கள், இன்றைக்காவது வந்து எட்டிப் பார்க்க மாட்டாளா என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் வந்தார், சைக்கிளில் பாவு நூல் கொண்டுபோகிறவர் வந்தார். அம்மா வரவில்லை. பதினோரு மணிக்கு மேல் எனக்கு வெறுத்தே போய்விட்டது. இவளுக்கு நான் முடிந்துபோனவள்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மத்தியானம் கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எல்லார் வீட்டிலும் இருந்தது, ஆனால் தெருவில் கேபிள் இழுத்தது நாங்கள் மட்டும்தான். உள்ளே தறி போக நிற்க இடம் ஏது? டிவியைத் தூக்கி வாசற்படியில் ஸ்டூல்மேல் வைத்தார்கள். ஆண்கள் தறியிலிருந்து எழுந்து வந்தார்கள், பெண்கள் ராட்டினத்தை விட்டு வந்தார்கள். நாற்காலியில் நான், மடியில் பிரியாணித் தட்டு, என்னைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர்.

திடீரென்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னவென்று பார்த்தால், தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனாலும் கைத்தறி நிற்காது. அமாவாசைக்கு நிற்கும், அதை விட்டால் சாவுக்கு நிற்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எடுக்கிற வரை அந்தத் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்.

டிவியில் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு புள்ளி தெரிந்தது. உடனே எல்லாரும் எழுந்து கை தட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். நாங்கள் மேலே பார்த்தோம், தரையைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம். மொட்டை போட்ட அக்காவுக்கு ரொம்ப ஏமாற்றம். இதற்குத்தானா இந்த ஆர்ப்பாட்டம் என்று தலையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. தலைமுடி அவிழ்ந்து தொங்க, வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஒரு பொம்பளை ஓடி வந்தாள். என் அம்மா. "என்னப் பெத்த தாயே, நானே உன்ன வாயில போட்டுக்கினேனே" என்று கதறினாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். எதிரே நான், கையில் எலும்புத் துண்டோடு.

நின்றுவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அவள் வீட்டில் கேபிள் கிடையாது, மத்தியானம் என்ன நேரத்துக்கு மெஷின் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நூல் சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு எங்கள் தெருப் பக்கம் தறிச் சத்தம் ஒன்றொன்றாக அடங்குவது கேட்டிருக்கிறது. இன்றைக்கு அமாவாசை இல்லையே என்று எழுந்து வந்து சந்து வழியாகப் பார்த்திருக்கிறாள். எங்கள் வாசலில் கூட்டம். நிறைமாதக்காரி வீட்டு வாசலில் கூட்டம் என்றால் வேறு என்ன நினைப்பாள்? இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்தது கோபம்தான். ஒன்றரை வருடக் கோபம்.

"செத்தாதான் வருவியா நீ?" என்று கேட்டேன்.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நீ செத்துட்டேன்னு நெனச்சுதான்டி வந்தேன். மண்ண வாரித் தூத்துனவ நானு. உசுரோட இருக்கறவள எந்த மூஞ்சிய வச்சுக்கினு வந்து பாக்கறது?"

இத்தனை நாளும் அவளுக்கு என்மேல் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். அது வெட்கம். தினம் சாயங்காலம் சந்தில் நின்று எங்கள் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாளாம், என் வீட்டுக்காரரே பார்த்திருக்கிறார். சொன்னால் நான் சண்டைக்குப் போவேன் என்று சொல்லவில்லையாம். அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

அம்மாவின் அக்குளில் ஒரு பச்சை நூல் சேலை இருந்தது, மடிப்புக் கலையாத புதுச் சேலை. அது என்ன என்று கேட்டேன். அவள் மறைக்கப் பார்த்தாள். வளைகாப்புக்கு எடுத்ததாம். கொண்டுவரத் தைரியம் இல்லாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாளாம். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணிதான் மேலே போர்த்த வேண்டும் என்பதால், ஓடி வரும்போது அதைத்தான் கையில் எடுத்திருக்கிறாள்.

நான் கையை நீட்டினேன். அம்மா தர மறுத்தாள். "வேணாம்டி. கோடின்னு நெனச்சு எடுத்தாந்துட்டேன். உசுரோட இருக்கறவ இத கட்டக் கூடாது."

என் மாமியார் உள்ளே போனார். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து சேலையின் நாலு மூலையிலும் தடவினார். எல்லாம் சரியாகப் போச்சு, எழுந்து கட்டும்மா என்றார்.

உள்ளே தறி ஓரமாக நின்று கட்டினேன். வயிறு இடித்துக் குனிய முடியவில்லை. அம்மாதான் என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து கொசுவம் மடித்தாள். ஒரு மடிப்பும் நேராக வரவில்லை. மூன்று முறை அவிழ்த்து மடித்தாள், நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.