விக்கெட் காப்பாளர்கள் மட்டும்

ரதீஸ் என் கடைக்கு முதலில் வந்தது ஃபோன் திருத்துவதற்கு அல்ல. ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கிட்ட நான் ஒரு ஃபோன் கடை வைத்திருக்கிறேன். ஃபோன் விஷயத்தைத் தவிர வேறு எதற்கு ஆள் வந்து நின்றாலும் எனக்கு எரிச்சல்தான். விலாசம் கேட்பார்கள், சில்லறை கேட்பார்கள், வெயிலுக்கு ஒதுங்குவார்கள். இவன் கேட்டது புதுமாதிரி. பழைய கிரிக்கெட் அட்டைகளை வாங்கி விற்கிறவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், அதில் தனக்காக ஓர் அறிவித்தல் போட்டுத்தர முடியுமா என்றான். அவனிடம் இருந்தது பொத்தான் ஃபோன்.

பபிள்கம் வாங்கினால் உள்ளே கிரிக்கெட் வீரர் ஒருவரின் படம் போட்ட சின்ன அட்டை இருக்குமே, அதுதான். நாடு உலகக் கிண்ணம் வென்ற காலத்தில் பொடியன்களெல்லாம் பபிள்கம்மைத் துப்பிவிட்டு அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இப்போது அவற்றுக்கு விலை வந்துவிட்டது. கொழும்பில் சிலர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்களாம். முப்பது தாண்டிய, வாழைச்சேனையில் ஐஸ் தொழிற்சாலையில் ஐஸ் உடைக்கிற ஓர் ஆள் இதைச் சேர்க்கக் கிளம்பியிருக்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வாயை அடக்கி எனக்குப் பழக்கமில்லை. பபிள்கம் வேண்டுமென்றால் பக்கத்துக் கடையில் இருக்கிறது என்றேன். அவன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மழை விடும்வரை நிற்கிறவனைப் போல நான் பேசி முடிக்கும்வரை நின்றான்.

பிறகு தன் திட்டத்தைச் சொன்னான். எல்லா அட்டையும் சேர்க்க அவன் சம்பளம் காணாது. அதனால் ஒரே ஒரு வகைதான்: விக்கெட் காப்பாளர்கள். எந்த நாட்டு அணி என்றாலும் சரி. கிழிந்தது, மடிந்தது, பேனையால் கிறுக்கியது, மேலே எதையாவது ஒட்டியது, எல்லாம் வாங்குவான். நல்ல நிலையில் இருப்பது வேண்டாம், அதற்கு விலை கூட. தாய்க்கு வீட்டுச் செலவு கொடுத்து மிஞ்சுவதில் மாதம் ஒரு அட்டை. மிஞ்சாத மாதம் அதுவும் இல்லை. இவ்வளவையும் யாரோ எழுதித் தந்ததை ஒப்புவிக்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னான். ஏன் விக்கெட் காப்பாளர் என்று கேட்டேன். "சும்மாதான் நானா" என்றான். எங்கள் பக்கம் முஸ்லிம் ஆட்களை அண்ணன் என்பதற்கு நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சும்மா இல்லை என்பது எனக்கு மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. அதையும் அவன் விரும்பிச் சொல்லவில்லை. மேலே எதையாவது ஒட்டிய அட்டை என்று ஏன் ஒவ்வொரு அறிவித்தலிலும் போடச் சொல்கிறாய், பார்க்கிறவன் சிரிப்பான் என்று நான் சத்தம் போட்டதால் சொன்னான்.

அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான், தனோஜன். கல்குடாவில் கடலுக்கு முன்னால் இவர்கள் வீடு. தனோஜன் பாடசாலை அணியின் விக்கெட் காப்பாளன். மட்டக்களப்பில் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் படம் எடுத்தபோது ஒரு பிரதி மிஞ்சியது. அதில் தன் தலையை மட்டும், முடி, காது எல்லாம் ஓரம் பிசகாமல் கத்தரித்து, ஓர் அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளரின் அட்டையில் அவர் முகத்துக்கு மேல் ஒட்டினான். அதைக் காட்டிக் காட்டியே ஊரைச் சுற்றினான். போட்டி முடிந்த அன்று காத்தான்குடி அணியில் ஒரு பொடியன் அந்த அட்டை மேல் ஆசைப்பட, அவன் கையில் இருந்த வேறு ஓர் அட்டைக்குத் தனோஜன் அதை மாற்றிக்கொடுத்துவிட்டான். ரதீஸ் அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அதற்கு அடுத்த கிழமை சுனாமி.

தனோஜன் போனான். வீடு போனது. அல்பம், பாடசாலைப் பதிவேடு, படம் எடுத்த ஸ்ரூடியோ எல்லாம் போயிற்று. சொந்தக்காரர்கள் வீடுகளும் அதே கரையில்தான் இருந்தன. தனோஜனின் முகம் இந்த உலகத்தில் எங்காவது மிஞ்சியிருந்தால், அது அந்த அட்டையில்தான். இதைச் சொன்னபோதும் அவன் குரல் மாறவில்லை.  பபிள்கம் பகிடிக்காக என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

இதை அப்படியே எழுதிப் போட்டால் நாலு பேர் இரங்கித் தேடித் தருவார்களே என்றேன். அவன் தலையாட்டி மறுத்தான். முன்பு ஒருமுறை கொழும்புப் பக்கத்து ஆள் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அந்த ஆள் அப்படி ஓர் அட்டை தன்னிடம் இருக்கிறது என்று சொல்லி, முற்பணம் வாங்கிக்கொண்டு ஃபோனை நிறுத்திவிட்டார். அதோடு அவன் ஒரு முடிவு எடுத்திருந்தான். உண்மையில் வேண்டியது எது என்று யாருக்கும் காட்டக் கூடாது. சந்தையில் மீன் வாங்கத் தெரிந்த எவரும் செய்வதுதான் இது. கண் விலை கூடிய பாரையில் இருக்கும், கை மலிவான சூடையைப் புரட்டும். விக்கெட் காப்பாளர்கள் மட்டும் என்ற திட்டமே அதற்குத்தான்.

திட்டம் நன்றாகத்தான் நடந்தது. காத்தான்குடியில் பழைய தபால்தலை, நாணயம் விற்கிற றிஸ்லான் என்ற இளைஞர் எங்கள் அறிவித்தலைப் பார்த்துத் தொடர்பு கொண்டார். நல்ல பிள்ளை. ஊரில் யார் வீட்டிலாவது பழைய பெட்டி திறந்தால் போய்ப் பார்த்து, விக்கெட் காப்பாளர் இருந்தால் எடுத்து வைப்பார். காத்தான்குடி என்பதால் ரதீஸ் அவரை விடவே இல்லை. இரண்டு வருஷம் அவரிடம் வாங்கினான். மூலை கடித்த நியூசிலாந்து, மீசை கீறிய பாகிஸ்தான், காப்பி கொட்டிய மேற்கிந்தியத் தீவு. ஒவ்வொன்றையும் என் மேசையில் வைத்துப் பார்ப்பான், பிறகு உறையில் போடுவான். ஐஸில் நின்று மரத்த விரல்களால் அட்டையின் ஓரத்தைப் பிடிக்க அவனுக்கு நேரம் எடுக்கும். அது இல்லை என்று தெரிந்த பிறகும் அவன் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருமுறை எனக்குத் தாங்காமல், கவலையாக இல்லையா என்று கேட்டேன். "கவலை வரவேண்டிய இடத்தில ஒண்டும் வருதில்ல நானா" என்றான்.

அவன் தாய் கண்ணகையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கடலைவிட்டு உட்பக்கம் தள்ளிக் கட்டிக்கொடுத்த சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார்கள். சுவரில், சுனாமிக்குப் பிறகு நோயில் இறந்த தகப்பனின் படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை. பக்கத்தில் இன்னோர் ஆணி, அதில் கலண்டர். டிசம்பரில் ஊரார் எல்லாரும் இறந்தவர்களின் படங்களைத் தூக்கிக்கொண்டு கரைக்கு விளக்கேற்றப் போகும்போது, இந்த மனுசி பூவை மட்டும் கொண்டுபோகும். அந்த ஆணி கலண்டருக்கு அடித்தது அல்ல என்று ரதீஸ் சொன்னான்.

போன மாதம் றிஸ்லான் எனக்கு ஃபோன் எடுத்தார். அவருடைய மச்சானின் பழைய வீட்டை உடைக்கிறார்களாம். கூரைக்குக் கீழே மேல்தட்டில் கிடந்த தகரப் பெட்டியில் கொஞ்ச அட்டைகள். மச்சான் பாடசாலைக் காலத்தில் கிரிக்கெட் விளையாடியவர், இப்போது சவூதியில். பெட்டியில் ஒரு அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் இருக்கிறாராம், ரதீஸை நேரில் கூட்டி வாருங்கள், சந்தோசப்படுவார் என்றார். நான் கடையைப் பூட்டினேன். வியாபார நாளில் நான் கடை பூட்டியதை என் மனைவி இன்றைக்கும் நம்பவில்லை.

மோட்டார் சைக்கிளில் அவன் எனக்குப் பின்னால் இருந்தான். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தபோது, அவன் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. பாலம் தாண்டியும் விடவில்லை.

றிஸ்லான் எங்களை இருத்தித் தேநீர் தந்தார். பிறகு ஒரு புதுப் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குள் அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர், பச்சைத் தொப்பி, கையுறை, முழு முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். கிழிசல் இல்லை. றிஸ்லானின் முகமெல்லாம் பெருமை.

"ரெண்டு வருஷமா உங்களுக்குப் பழுதானதுதான் தந்திரிக்கன். ஒண்டாவது நல்லதாத் தருவம் எண்டு பாத்தன். இதில யாரோ சின்னப் பொடியன் தன்ட படத்தை மேல ஒட்டிப் பழுதாக்கி வெச்சிருந்தான். தபால்தலை எடுக்கிற மாதிரி இளஞ்சூட்டுத் தண்ணியில போட்டு, ஒரு பொட்டுக் கிழியாம எடுத்திட்டன். இதுக்குக் காசு வேணா."

 எடுத்த படம் எங்கே என்று நான்தான் கேட்டேன். அது தண்ணீரிலேயே கூழாகிவிட்டதாம், வடிகாலில் ஊற்றிவிட்டாராம். கழுவுவதற்கு முன்னால் அட்டையை ஃபோனில் படம் எடுத்தீர்களா என்று கேட்டேன். பழுதானதை எதற்கு எடுக்க வேண்டும் என்றார். என் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இந்த நல்ல பிள்ளையின் சட்டையைப் பிடிக்க முடியுமா? கொழும்பு ஆள் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ரதீஸ் அட்டையை எடுத்துப் பார்த்தான். அப்போதுதான் நானும் கவனித்தேன். இருபது வருஷத்தில் அட்டை முழுக்க நிறம் வெளுத்திருந்தது. படம் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. அந்த வீரரின் முகம் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. அதைச் சுற்றி ஓரம் தெளிவாகத் தெரிந்தது: ஒரு தலையின் ஓரம், மேலே கலைந்த முடி, இரண்டு பக்கமும் விரிந்த காது.

"நல்லாத்தான் எடுத்திரிக்கீங்க" என்றான் ரதீஸ். றிஸ்லானிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றான். தேநீரைக் கடைசிவரை குடித்து, நன்றி சொல்லி எழும்பினான்.

நேரே கல்குடாவுக்குப் போனோம். கண்ணகை முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தார். மகன் கொடுத்த அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். ரதீஸ் வெளுக்காத இடத்தின் ஓரத்தை விரலால் காட்டினான்.

"இதிலதான் அம்மா அண்ணன் இருந்தவன். கழுவுப்பட்டுப் போயிற்று."

அந்த மனுசி அழும், மண்ணில் விழும் என்று நான் பயந்து நின்றேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த ஓரத்தை மெதுவாகத் தடவினார். காது வந்ததும் விரல் நின்றது. அப்பனின் காது என்றார். பிறகு பெருவிரலால் அவுஸ்திரேலியரின் முகத்தை மறைத்தார். விரலைச் சுற்றித் தலையின் ஓரம் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"படத்தில சிரிச்ச மாதிரியா மனே இருந்தவன்?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. சிரிச்ச மாதிரித்தான்."

அவர் தலையாட்டினார். அட்டையை ரதீஸிடம் கொடுக்காமல் உள்ளே கொண்டுபோனார். ஆணியிலிருந்து கலண்டரைக் கழற்றும் சத்தம் வெளியில் எங்களுக்குக் கேட்டது.

நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். வாசல் படலை வரைக்கும் அவன் கூட வந்தான். விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிரிச்சானோ இல்லையோ, எனக்கு ஞாபகம் இல்ல நானா" என்றான்.