செர்ரிச் சிவப்புக் காம்பு

எர்மீன் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து புகை பிடிக்கும் சுங்கான்களின் காம்புகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியில் நுரைக்கல் தூளைத் தொட்டுக்கொண்டு, அரம் விட்ட கீறல் மறையும்வரை தேய்க்க வேண்டும். பிறகு மிதிசக்கரத்தில் ஒரு சுற்று. கை கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும், அடிபிடித்த பால் வாடை கிளம்பிவிடும். பாலைத் திரித்துக் கல்லாக்கிச் செய்த சரக்குதானே அது. பதின்மூன்று வயதில் அந்த வாடைக்குள் நுழைந்தவள், இப்போது நாற்பத்தைந்து. அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்கூட அது போகாது.

சேன் குளோத் ஊரில் பாதி வீடுகளில் இதே பாடுதான். பட்டறையிலிருந்து வாரத்துக்கு ஒரு பெட்டி வரும். கறுப்பு, தேன், கொம்புச் சாம்பல், செர்ரிச் சிவப்பு, பாசிப் பச்சை. உலகம் கறுப்பைத்தான் வாங்கும். ஆனால் ஊருக்குள் அப்படி இல்லை. ஊர் ஆண்பிள்ளைகளை அவரவர் காம்பை வைத்தே அடையாளம் சொல்வார்கள். தபால்காரன் கறுப்பு. பாதிரியார் கொம்புச் சாம்பல். பாலத்தடி ரொட்டிக்கடைக்காரன் தேன் நிறம். ஒரு தடவை கறுப்பு வாங்கி, ஒரு வாரம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு யாரோ புகைக்கிற மாதிரி இருக்கிறது என்று திருப்பித் தந்தவன்.

எர்மீனின் கணவன் அன்செல்ம் செர்ரிச் சிவப்பு. ரயில் ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் கடித்து உடைத்த காம்போடு அவளுடைய வேலை மேசைக்கு வந்தபோது, தட்டில் இருந்த அத்தனையையும் விரலால் தள்ளிவிட்டு அந்தச் சிவப்பை எடுத்தான். "இதுதான். தூரத்துல இருந்தே நான்தான்னு தெரியும்" என்றான். அந்தத் திமிர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதிலிருந்து இருபத்திரண்டு வருஷம். பல்லால் கடித்துக் கடித்து வருஷத்துக்கு ஒரு காம்பைத் தேய்ப்பான், அவள் இன்னொன்றை இழைத்துப் பொருத்துவாள்.

இதில் ஊர் வைத்திருக்கிற ஒரு மரியாதை உண்டு. காம்பை அவனவன்தான் எடுக்க வேண்டும். பெண்டாட்டியே ஆனாலும் தட்டை முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவன் எடுத்த நிறத்தைப் பற்றி அவன் முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் தட்டை வைத்தாள். அன்செல்ம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்து, பாசிப் பச்சை ஒன்றை நீட்டினான். எர்மீன் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி, முனையை இழைத்து, சுங்கான் கிண்ணத்தில் செருகித் திருகிக் கொடுத்தாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

ரொட்டிக்கடை வரிசையில் கீழ்வீட்டு ஒதெத் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி எர்மீன், உன் ஆளு பச்சைக்கு மாறிட்டானாமே? இத்தனை வருஷம் செவப்பு. இப்ப எந்தப் புல்லு மேயப் போறானோ!"

"எந்தப் புல்லை மேஞ்சாலும் ராத்திரி சூப்புக்கு வந்துடறான்."

"வர்ற வரைக்கும் சரிதான்டி."

வரிசையே சிரித்தது. எர்மீனும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அவனுடைய மேல்கோட்டை முகர்ந்து பார்த்தாள். புகையிலை, டீசல், ஜென்சியன் வேர்ச் சாராயம். இந்த மூன்றும் எப்போதும் உள்ளவைதான். சாராயம் மட்டும் முன்னைவிடத் தூக்கலாக இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து சுங்கான் பிடித்தவன் இப்போது எட்டு பிடிக்கிறான். வேறு பெண் வாடை எதுவும் இல்லை. அதில் அவளுக்கு ஏமாற்றம்போல ஏதோ ஒன்று இருந்தது, ஏனென்று புரியவில்லை.

அப்புறம் போன வியாழக்கிழமை. அவர்களுடைய ஒரே மகள் மிரேய், பத்தொன்பது வயது, மலைக்கு மேலே மோரேயில் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வேலை. காலையில் போய், சாயங்காலம் அப்பா ஓட்டும் வண்டியிலேயே திரும்புவாள். அன்று தொப்பியைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, உன் புருஷன் இன்னிக்கு எங்களை எல்லாம் ஒருத்தர் மடியில ஒருத்தரைத் தூக்கிப் போட்டுட்டாரு. சொரங்கத்து வாசல்ல. கார்டு ஓடிப்போய்க் கத்தினப்புறம்தான் பிரேக் விழுந்துது. எதிர்ல சரக்கு வண்டி, அதோட வெளக்கு இந்தா இவ்வளவு கிட்ட!"

பின்னாலேயே வந்த அன்செல்ம், "தண்டவாளம் பூரா எலை. வழுக்குது" என்றான்.

"கார்டு வேற என்னமோ சொன்னாரேப்பா?"

"அவன் கெடக்கான். சூப்பை ஊத்து."

அக்டோபரில் இலை விழத்தான் செய்யும். எர்மீன் சூப்பை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை, உறைபனி விழுமுன் தோட்டத்தில் மிஞ்சிய தக்காளியைப் பறித்து வரப் போனான். கூடையில் பாதி கல்லுக் கல்லான காய். "எல்லாம் பழுத்துடுச்சு" என்று வைத்தான். மிரேய் அதற்கும் சிரித்தாள். எர்மீன் ஒரு காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க விருப்பமில்லை என்பதுதான் சரி.

இன்று செவ்வாய். மத்தியானத் தூக்கத்திலிருந்து மூன்று மணிக்கு எழுந்து வந்தான் அன்செல்ம். நாலு பத்துக்கு அவனுடைய வண்டி கிளம்பும். மோரே போய், ஆறு மணிக்கு, வெளிச்சம் போகும் நேரத்தில், மிரேயையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். காப்பியில் ஒரு மடக்கு ஜென்சியனைக் கலந்து குடித்தான். சுங்கானைக் கெட்டித்துப் பற்றவைத்தான். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, வாயிலிருந்து எடுத்துக் காம்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"பட்டறையில சாயத்தை மாத்திட்டாங்களா என்ன? இந்தத் தடவை செவப்பு மங்கலா வந்திருக்கே."

மிதிசக்கரத்திலிருந்து எர்மீனின் கால் நழுவியது. சக்கரம் தானாக நாலு சுற்று சுற்றி ஓய்ந்தது.

புல் இல்லை, பெண் இல்லை, ருசி மாறவும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எடுத்த நிறத்தைத்தான் இந்தத் தடவையும் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். ஊரெல்லாம் பார்த்திருக்கிறது. எல்லோரும் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் தன் கையாலேயே திருகிக் கொடுத்திருக்கிறாள்.

"மாத்தலையே" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. சிவப்பில் பத்தும் பச்சையில் பத்தும் அள்ளி, மேசை விரிப்பின் மேல் ஒன்றாகக் கொட்டினாள். "இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடேன். என் கை பூரா தூளு."

"ரயில் ஓட்டறவனைப் பிடிச்சுக் காம்பு பொறுக்க வைக்கற" என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதல் நாலைந்தைச் சடசடவென்று பிரித்தான். பிறகு கை தாமதித்தது. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வலது குவியலில் இருந்த ஒன்றை எடுத்து இடது குவியலில் போட்டான், திரும்ப எடுத்தான். முடிந்ததும் குவியல்களைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரியா?"

சிவப்புக் குவியலில் நாலு பச்சை. பச்சைக் குவியலில் நாலு சிவப்பு.

"ஜன்னல்ல ஒரே அழுக்கு" என்றான்.

"காலையிலதான் தொடச்சேன்."

"மே மாசம் டாக்டர் பாத்தாரு. பருந்துக் கண்ணுன்னாரு."

"இது அக்டோபர், அன்செல்ம். எத்தனை நாளா இப்படி?"

அவன் கட்டைவிரலால் புகையிலையை அழுத்தினான். "எப்படி? ஒண்ணுமில்ல. சாயங்காலத்துல கொஞ்சம் கலங்கலா இருக்கு. அவ்வளவுதான். யாருக்கு இல்ல?"

"சிக்னலை எப்படிப் பாக்கற?"

"சிக்னல் கை தூக்கியிருந்தா ஒண்ணு, எறங்கியிருந்தா ஒண்ணு. ரெண்டு வெளக்கு இருந்தா மேலயா கீழயான்னு பாத்துக்குவேன். அந்தப் பாதை என் சட்டைப்பை மாதிரி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"சொரங்கத்து வாசல்ல ஒத்தை வெளக்கு. அதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நெறம் மட்டும்தான்."

அவனுடைய சுங்கான் அணைந்துபோயிருந்தது, அதையும் கவனிக்காமல் உறிஞ்சினான்.

"டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. புகையும் சாராயமும்தான் கண்ணைக் கெடுக்குதோ என்னமோ, நிறுத்தினா சரியாப் போகலாம்."

"சொன்னா அன்னிக்கே எறக்கிடுவாங்க. அப்புறம் பிளாட்பாரத்தைக் கூட்டச் சொல்லித் தொடப்பத்தைக் குடுப்பாங்க. நான் ஓட்டின வண்டியில இன்னொருத்தன் சீட்டி அடிச்சுக்கிட்டுப் போவான், நான் குனிஞ்சு பெருக்கணும். உன் ஒதெத் வந்து நின்னு பாப்பா."

"பாக்கட்டும். என்னையும்தான் பாத்துச் சிரிச்சா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" எர்மீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய பேச்செல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம். இன்னிக்கு மட்டும் ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. நானே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்றேன். வயித்து வலின்னு சொல்றேன்."

"நீ அங்க போனா நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

எழுந்தான். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்டான். சாப்பாட்டுப் பெட்டி, கையுறை, கடிகாரம் எல்லாவற்றையும் வழக்கமான வரிசையில் எடுத்துக்கொண்டான். மேசை மேல் வைத்த சுங்கானை மட்டும் மறந்துவிட்டான்.

எர்மீன் அதை எடுத்து, கதவை மறித்து நின்றாள். ஊர் மரியாதையை அவள் வாழ்நாளில் மீறியதில்லை. காம்பை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்ன நெறம்? அதை மட்டும் சொல்லிட்டுப் போ. ஆறு மணி வண்டியில மிரேய் வர்றா."

அவன் காம்பைப் பார்த்தான். பிறகு சக்கரத்தைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான். நீட்டிய கையிலிருந்து சுங்கானை மெல்ல உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து நாற்காலியை நகர்த்துவதுபோல ஓரமாக நகர்த்திவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.