கறிக்குழம்புக்கு வந்துவிடுவதாகச் சொன்ன அக்கா

வெள்ளிக்கிழமை காலையில் இல்லத்தில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. லட்சுமி அக்காவின் தம்பி மகன் ரமேஷ் பேசினார். அத்தை விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலேயே தவறிவிட்டதாகச் சொன்னார். என் கையில் கரண்டி இருந்தது. எதிரே தட்டோடு நின்ற பாண்டி அண்ணன், "அக்காவா?" என்று கேட்டார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து எந்த போன் அடித்தாலும் அவர் கேட்பது அதுதான். பொங்கலை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

விளாங்குடியில் இருக்கும் எங்கள் இல்லம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கி வாழும் வீடு. இதைப் படிக்கும் உங்களில் பலருடைய அண்ணனோ தங்கையோ மகளோ இங்கேதான் இருக்கிறார்கள். அக்கா இதன் பொறுப்பாளர். நான் இங்கே ஆசிரியை. சம்பளம் வாங்கியது இரண்டு பேரும்தான், ஆனால் திட்டு வாங்கியது நான் மட்டும்தான். அக்காவின் வாய் அப்படி. அந்த வாய்க்குப் பயந்த நன்கொடையாளர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

ஒரு தடவை ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கோடு வந்தது. தலை முழுக்க நரைத்த பாண்டி அண்ணனின் கன்னத்தைக் கிள்ளி, "தெய்வக் குழந்தைங்க" என்று அந்த அம்மா உருகினார். அக்கா கேக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "தெய்வமா இருந்தா நான் ஒரு உண்டியல வச்சுட்டு வீட்டுக்குப் போயிருவேனேம்மா. அவருக்கு ஒங்க வீட்டுக்காரர விட வயசு கூட. அண்ணேன்னு கூப்பிடுங்க." அந்த அம்மா முகம் சுண்டிப்போனாலும் கிளம்பும்போது அண்ணே என்றுதான் சொன்னார். நானும் அப்படித்தான் அண்ணே என்று கூப்பிடப் பழகினேன்.

பாண்டி அண்ணனை இங்கே கொண்டுவந்து விட்டது அவருடைய அம்மா. சோழவந்தான் பக்கம் வயல் வேலை பார்த்தவர். மகன் அழுவான் என்று பயந்து, கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு முழுவதும் அண்ணன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சோற்றைக் கொண்டுபோய் ஊட்டினாலும் வாய் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு சட்டத்தைப் போட்டார். இந்த வீட்டை விட்டு யார் வெளியே போனாலும், எல்லோரிடமும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். எந்தச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவோம் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே பலருக்குக் கடிகாரம் தெரியாது, ஆனால் சாப்பாட்டு வேளை எல்லோருக்கும் தெரியும். சாயங்காலக் காப்பிக்கு வாரேன் என்றால் காப்பிக்கு வந்தாக வேண்டும். வர முடியாது என்றால் அந்த வேளையைச் சொல்லக் கூடாது. பஸ் தாமதமாகி இட்லி ஆறின பிறகு வந்து, அக்காவிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு பாண்டி அண்ணனின் அம்மாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்துபோனார். ஒரு கட்டத்தில் வரவில்லை. பாண்டி அண்ணன் பழையபடி கம்பியைப் பிடித்து நிற்க ஆரம்பித்தார். அக்கா ஊருக்கு போன் போட்டுக் கேட்டபோதுதான், அம்மா இறந்து காரியமும் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, அவனுக்கு என்ன தெரியும் என்று உறவுக்காரர் கேட்டிருக்கிறார். போனை வைத்துவிட்டு அக்கா என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அந்த மனுசனுக்குக் காத்திருக்கத் தெரியுதுல்ல? அப்ப எல்லாந் தெரியும்."

அடுத்த நாளே அண்ணனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு சோழவந்தான் போனார். நானும் கூடப் போனேன். மாலை போட்ட போட்டோவைக் காட்டி, அம்மா செத்துப்போச்சு, இனிமே வராது என்று அக்கா நேராகச் சொன்னார். அண்ணன் அம்மாவின் வெறுங்கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அக்கா கீழே உட்கார்ந்து, அவராக எழுந்திருக்கும்வரை அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பிறகு அவர் வாசல் கம்பியைப் பிடித்து நிற்கவே இல்லை.

இப்பேர்ப்பட்ட அக்காவைப் பார்க்க, இவர்களைக் கூட்டி வர வேண்டாம் என்று அந்த வெள்ளிக்கிழமை போனில் சொன்னார் ரமேஷ். கூட்டத்தில் சத்தம் போட்டுவிட்டால் சங்கடம் என்றார். நல்ல பிள்ளைதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எல்லோரையும் உட்காரவைத்து, அக்கா செத்துப்போயிட்டாங்க, பாக்கப் போறோம் என்று சொன்னேன். வேன் பிடித்து, கோச்சடையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டு அழுதது நான்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்காவின் முகம் சின்னதாகிப்போயிருந்தது. எங்களவர்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், சுற்றி வந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கிளம்பும் நேரம் வந்தபோதுதான் அது நடந்தது. இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும், போயிட்டு வாரேன் என்று சொல்லவே கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்கு அக்கா சொல்லிக்கொடுத்தது வேறு. ஒவ்வொருவராக வரிசையில் வந்து, பெட்டியின் மேல் குனிந்து, போயிட்டு வாரேன்க்கா என்றார்கள். ஒருவர் இட்லிக்கு வாரேன் என்றார், இன்னொருவர் காப்பிக்கு என்றார். பந்தலில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். ஒரு பெரியம்மா, "சாவு வீட்டுல அப்படிச் சொல்லப்படாதுய்யா" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். ரமேஷ்தான் எழுந்து வந்து, "விடுங்க பெரியம்மா, அத்தை சொல்லிக்குடுத்தது" என்றார். அதற்குப் பிறகு அவர் பெட்டியில் தலையைச் சாய்த்து அழுததை என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசியாக வந்த பாண்டி அண்ணன் போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. பெட்டியைத் தட்டி, "ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு. வந்துரு" என்றார்.

எனக்கு அது அக்கா சொன்ன வேளை என்று தெரியும். மூச்சு வாங்குகிறது என்று ஆட்டோவில் ஏறும்போது, அந்த நிலைமையிலும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியில் அண்ணனிடம், "ஞாயித்துக்கெழம கறிக்கொழம்புக்கு வந்துருவேன்" என்று சொன்னார். வர முடியாத வேளையைச் சொல்லாதவர் அதை ஏன் சொன்னார் என்று அக்கா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்தவர்மேல் கோபப்படுவதும் அழுகைதான் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கலாமா என்று சமையல்காரம்மா தயங்கினார். எடுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் இங்கே அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. பந்தியில் பாண்டி அண்ணன் அக்காவின் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். தன் சோற்றில் கை வைக்கவில்லை. குழம்பு ஆறி மேலே எண்ணெய் படர்ந்தது. அவர் என்னைப் பார்த்து, "அக்கா எந்தச் சாப்பாட்டுக்கு வரும்?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல என் வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார், ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் வாசல் கம்பியைப் பிடித்து நின்றிருப்பார். கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்தச் சாப்பாட்டுக்கும் வரமாட்டாங்கண்ணே. செத்துப்போயிட்டாங்க."

அவர் அக்காவின் தட்டைத் தொட்டார். பிறகு, "அம்மா மாதிரியா?" என்றார்.

"ஆமாண்ணே. அம்மா மாதிரிதான்."

அவர் எழுந்து, சோறு படாத அந்தத் தட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். துடைத்து, அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறின குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், அக்கா பிடித்த மாதிரி.

இப்போது இல்லத்தின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அக்காவின் நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை, அவருடைய வாயும் எனக்குக் கிடையாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சட்டம் ஒன்றைத்தான். சாயங்காலம் கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியில் பாண்டி அண்ணனிடம், காலைக் காப்பிக்கு வந்துருவேன்ணே என்கிறேன். சொல்லும்போது பயமாக இருக்கிறது. அக்காவும் இதே மாதிரி நம்பித்தானே சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது, துக்கம்தான் போகவில்லை. அண்ணன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அக்கா வராத அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும், சரி என்று சொல்லி எனக்கு வாசலைத் திறந்துவிடுகிறார்.