இந்தச் சிப்பாய்கள் எங்கே?

1970 அக்டோபரில் மாண்ட்ரியல் தெருக்களில் ராணுவம் நின்றது. தனி நாடு கேட்ட குழு ஒன்று இருவரைக் கடத்தியிருந்ததால், போலீஸ் வாரண்ட் இல்லாமலே வீடுகளைச் சோதித்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் அடுக்ககத்துக்கும் ஒரு காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

அப்போது நான் அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காகச் சண்டையிட்ட ஒரு காலாட்படைப் பிரிவைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பாயின் பெயர், பதவி, கம்பெனி என்கிற அவனது படைக்குழு.

போலீஸ்காரர்களில் மூத்தவர் ஓர் அட்டையைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"யார் இவர்கள்? எங்கே இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என்னைக் கைது செய்து நாடு கடத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

"எல்லாரும் செத்துட்டாங்க சார்" என்று தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், "நூறு வருஷத்துக்கு முன்னால்" என்றேன்.

அவர் மறுபடி அட்டையைப் பார்த்தார். படையைவிட்டு ஓடியவன் என்று அதில் குறித்திருந்தேன்.

"பிடித்துவிட்டார்களா?"

"தெரியவில்லை."

அட்டையை மெதுவாக வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். கதவைத் தாழிட்டு, கணவர் வரும்வரை அதன்மேல் சாய்ந்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.