மருதாயிக்கு நான் எழுதிய இனம்

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், குடிசன மதிப்பீட்டுக் கடிதம் எங்கள் மல்வேர்ன் வீட்டுக்கும் வந்தது. மகள் போனிலேயே தட்டிவிடப் பார்த்தாள். நான் விடவில்லை. கடதாசிப் படிவம் கேட்டு எடுப்பித்து, குசினி மேசையில் விரித்து, முதலில் பென்சிலால் எழுதிப் பிறகு பேனையால் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். பழைய உத்தியோகத்தனம் லேசில் போகாது.

"அப்பா, எத்னிக் ஒரிஜின் கேக்கினம். ஸ்ரீலங்கனோ, டமிலோ? ரெண்டும் போடலாம், இட்ஸ் நொட் எ பிக் டீல்" என்றாள் மகள்.

ஒன்றை எழுதினேன். அழித்தேன். றப்பர் தூளை ஊதியபோது ஒரு மணம் வந்தது பாருங்கள், அத்தோடு நான் மல்வேர்னில் இல்லை.

எரிந்த கட்டையும் சாம்பலும் மணக்கிற ஒரு காடு. வவுனியாவுக்கு வடக்கே பாலை, வீரை மரங்களை வெட்டி, நெருப்பு வைத்து, அந்தச் சாம்பலிலேயே கச்சான் கடலை போட்டிருந்த புதுக் குடியிருப்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட சனம் அங்கே வந்து இலுக்குப் புல்லால் கூரை வேய்ந்திருந்தது. காலையில் புகையும் பனியும் ஒன்றாகிக் குடிசைகள் மிதப்பதுபோல இருக்கும். நான் அப்போது புது ஆசிரியன். நிரந்தர நியமனக் கடிதம் கைக்கு வரவில்லை. குடிசனக் கணக்கெடுக்கப் போ என்றார்கள், போனேன். சைக்கிள், தோளில் அரசாங்கப் பை, காதில் பென்சில். மந்திரிமாருக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திராது.

எங்கள் நாட்டுக்குப் பேரிலேயே சோசலிசம் இருந்தது. காலையில் வகுப்பில் எல்லாரும் சமம் என்று படிப்பித்துவிட்டு, பின்னேரம் வீடுவீடாகப் போய் நீங்கள் என்ன இனம் என்று கேட்பேன். படிவத்தில் தமிழருக்கே இரண்டு இடம் இருந்தது: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சனத்தின் வழிவந்தவர்களுக்கு இரண்டாவது.

மருதாயிக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து தேயிலைச் சாயத்தண்ணியும் கடிக்க ஒரு துண்டு வெல்லமும் தந்தாள். நான் குடித்துக்கொண்டே எழுதினேன். பேர் கேட்டேன், வயது கேட்டேன், இனத்தை மட்டும் கேட்கவில்லை. அவள் பேச்சே சொல்கிறதே என்று நானாகவே இந்தியத் தமிழர் என்று போட்டுவிட்டேன். எவ்வளவு கெட்டிக்காரன்!

"என்னாங்க சார் எழுதுனீங்க? வாசிங்க."

வாசித்தேன். அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எங்கப்பன் பொறந்தது இங்க. நான் பொறந்தது இங்க. இந்தா, இவ பொறந்தது இந்தச் சாம்பல்ல. இன்னும் எத்தன பேரு பொறக்கணும் சார்?"

இந்தியப் பிரதமரும் இலங்கைப் பிரதமரும் மேசையில் இருந்து உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று பங்கிட்ட சனம் அது. அவளுடைய தாயைத் தலைமன்னாரில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தியா என்று எழுதிய எந்தக் கடதாசியும் அவளுக்குக் கப்பல் சீட்டுத்தான்.

"அழிங்க. நான் பாக்கணும்."

அழித்து, இலங்கைத் தமிழர் என்று எழுதினேன். எழுத வாசிக்கத் தெரியாதவள், குனிந்து தூளை ஊதிவிட்டு, எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சரி. குடிங்க சார், ஆறிப்போவுது."

அன்று பொழுதுபட்ட பிறகு, மேற்பார்வைக்கு இருந்த தலைமையாசிரியர் என் படிவக் கட்டைப் புரட்டினார்.

"உதென்ன தம்பி, தோட்டத்து ஆக்களை எங்கடை கணக்கிலை போட்டிருக்கிறீர்?"

"அவை சொல்லுறதைத்தானே சேர் எழுதச் சொன்னவை?"

"அவை ஆயிரம் சொல்லுவினம். மாத்தும். உமக்கு நியமனக் கடிதம் வரவேணுமெல்லே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனுசன், தன் மத்தியானச் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருகிறவர். றப்பரை எடுத்தேன். மாற்றினேன். சாயத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நியமனக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மருதாயி என்னைச் சந்தையில் கண்டால், "நம்மளச் சரியா எழுதுன சார் இவருதான்" என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் காட்டுவாள். நான் வெங்காயம் பொறுக்குவதுபோலக் குனிந்துவிடுவேன்.

சில வருசத்தில் ஆமி வந்து குடியிருப்புச் சனத்தை அங்கிருந்து கிளப்பியது. நானும் ஊரைவிட்டு இங்கே வந்துசேர்ந்தேன். வெகுகாலம் கழித்து, வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைக் கண்டேன். அந்த இடத்தில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்களாம். ஊர்ப் பலகையில் சிங்களத்தில் வேறு பெயராம். கச்சான் போட்ட நிலம், கிணறு, ஒன்றும் அடையாளம் தெரியாதாம்.

மருதாயி என்று ஒருத்தி இருந்தாளே என்று கேட்டேன்.

"படகிலை போயிட்டினம் அண்ணை, இந்தியாவுக்கு. மண்டபம் அகதி முகாமிலை பேர் பதியேக்கை என்ரை தங்கச்சி அவவுக்குப் பின்னாலைதான் வரிசையிலை நிண்டவள். அங்கத்தை உத்தியோகத்தர் ஒண்டும் கேக்கேல்லையாம். அவவின்ரை முகத்தையும் பாக்காமல் எழுதினவராம், இலங்கைத் தமிழர் எண்டு."